இரண்டு மாத்திரையும் ஒரு லேகியமும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவன் தறிக்கு ஊடைநூலைக் குச்சியில் சுற்றும் தார் வேலைக்குப் போனவன், பிறகு சங்கரன்கோவிலில் சொந்த விசைத்தறிக் கூடமே வைத்தேன். என் துணியில் கோணல் கண்டுபிடித்தவன் கிடையாது. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? யாரும் கைகொடுத்து நான் மேலே வரவில்லை.

அப்பேர்ப்பட்ட என்னால், எண்பதுகளின் தொடக்கத்தில், பெற்ற மகளை ஒரு இடத்தில் உட்காரவைக்க முடியவில்லை. ஏழாம் வகுப்பு. எழுதிய வரி பாதியில் கிடக்கும், பிள்ளை ஜன்னலில் நிற்கும். கேள்வி முடியுமுன் பதில் வரும், அதுவும் வேறெந்தக் கேள்விக்கோ. புத்திக்குக் குறைவில்லை. தறிச் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சொல்லிவிடுவாள்.

தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். "அரைப் பரீட்சை வரைக்கும் பாப்போம் அண்ணாச்சி. அதுலயும் வெத்துத்தாள் குடுத்தாள்னா வீட்டுல வச்சுக்கிடுங்க."

வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் தார் சுற்றத்தான். நான் எழுந்து வந்த இடத்தில் என் மகள் போய் உட்காருவதா?

திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் மைத்துனன் மறித்தான். "கிறுக்குக்கு வைத்தியம் பாக்குத டாக்டர்ட்டயா போறீய அத்தான்? நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"உம்மையே ஒருத்தி கட்டலையா வே?" என்றேன். வழி விட்டான்.

"இது கிறுக்கும் இல்ல, சேட்டையும் இல்ல. கவனம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. அவ்வளவுதான்" என்றார் டாக்டர். காலையில் ஒரு மாத்திரை கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கவனம் நின்றது. சாயங்காலம் ஆனதும் பழைய ஆட்டம் இரட்டிப்பாக வந்தது, தூக்கமும் போயிற்று. அடுத்த தடவை, சாயங்காலத்துக்கு வேறொரு மாத்திரையில் பாதி சேர்த்தார். "ஒண்ணு விட்ட இடத்த இன்னொண்ணு பிடிச்சுக்கிடும்."

பிடித்த பிடியில் பிள்ளை வகுப்பிலேயே தலை சாய்ந்து தூங்கினாள். அரைப் பரீட்சையோ நெருங்கிவிட்டது. மறுபடி ஓடினோம்.

"வேற மருந்து எதுவும் குடுக்கீங்களா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் என் வீட்டுக்காரி, சத்தியம் பண்ணாத குறையாக. அப்படியானால் இரண்டாவது மாத்திரை இவளுக்குச் சேரவில்லை, நிறுத்திவிடலாம் என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. துணி கெட்டால், அந்த வாரம் தறியில் என்னவெல்லாம் மாற்றினோம் என்றுதான் முதலில் கேட்பேன்.

"ஏட்டி, இப்பம் கொஞ்ச நாளா பால்ல எதையோ கலக்குதியே, அது என்ன?"

"வல்லாரை லேகியம்லா. தூக்கமும் வரும், மூளைக்கும் நல்லதுன்னு நாட்டு வைத்தியர் குடுத்தாரு."

"பெறவு?"

"கோயில் புத்துமண்ணு ஒரு துளி. அதையெல்லாமா மருந்துன்னு சொல்லுவாக?"

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கினால்தான் மருந்து. லேகியம் சத்து, புற்றுமண் பிரசாதம். எந்த வீட்டில் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

டாக்டர் சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார். "மண்ண நெத்தியில பூசுங்க, வயித்துக்கு வேண்டாம். லேகியத்துல என்னென்ன இடிச்சுப் போட்டிருக்காங்களோ! அதுவும் இந்த மாத்திரையும் சேந்துதான் பிள்ளைய அமுக்குதுன்னு நெனைக்கேன். லேகியத்த நிப்பாட்டிப் பாப்போம். மாத்திரை ரெண்டும் இருக்கட்டும்."

டாக்டர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

வரும் வழியெல்லாம் வீட்டுக்காரிக்குப் பயம். "சாமி கோவிச்சுக்கிடாதா?"

"நெத்தியில பூசச் சொல்லிருக்காருல்லா? சாமிக்கு அது போதும்."

சில நாளிலேயே பிள்ளையின் கண் தெளிந்தது. ராத்திரி தூங்கினாள், பகலில் முழித்திருந்தாள். இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? அரைப் பரீட்சை முடிகிற அன்று தறியை ஆளிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். தலைமை ஆசிரியையே வெளியே வந்தார்.

"கணக்கு சுமார்தான் அண்ணாச்சி. ஆனா மணி அடிக்குத வரைக்கும் பிள்ள பேனாவ கீழ வைக்கல. இங்கனயே படிக்கட்டும்."

மகள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "எட்டாங்கிளாசுக்குப் புது புஸ்தகம் வாங்கித் தருவியளாப்பா, பழசா?"

"புதுசுதான் மக்கா" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.