பாறாங்கல் போட்ட புல்தரை

பிஷப் என்பது குதிரையின் பெயர். தொப்பை பெரிது. யார் அவசரப்படுத்தினாலும் அசையாது. கூட்டம் கூடினால் மட்டும் தலையைத் தூக்கிக் கம்பீரமாக நிற்கும். அதனால் அந்தப் பெயர். வைத்தவள் வின்னி டெலஹன்ட்.

அயர்லாந்தின் நடுவே, லீஷ் மாவட்டத்தில், பெர்கல் டைனன் என்பவர் குதிரை வண்டிகளை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போன்ற கூரை, பச்சையும் சிவப்பும் அடித்த பலகைகள், உள்ளே இரண்டு கட்டில், ஒரு குட்டி அடுப்பு. ஒரு வாரம் முழுக்கப் போனாலும் கார்க்காரன் ஒரு மணி நேரத்தில் கடக்கிற தூரம்தான். அந்த மெதுவுக்காகத்தான் ஆட்கள் கடல் கடந்து வருகிறார்கள். முதல் இரண்டு நாள் வின்னி கூடவே போய்க் குதிரை பூட்டவும், அவிழ்க்கவும், குளம்பு பார்க்கவும் சொல்லிக்கொடுப்பாள். பிறகு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பெர்கல் சொல்லியிருந்தார்: "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் வின்னி. அந்தச் சனத்த நான் சேக்கறதில்ல. ஒருத்தன உள்ள விட்டா மொத்தக் குடும்பமும் பின்னால வந்து நிக்கும்."

அந்தச் சனம் என்றால் அயர்லாந்தின் சாலையோர நாடோடிகள். வண்டியின் கூரை அவர்களுடையது. வண்ணம் அவர்களுடையது. அடுப்பின் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுகூட அவர்கள் கண்டுபிடித்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆளை மட்டும் வேண்டாம் என்றார் பெர்கல். வின்னி தலையாட்டினாள். அவள் பிறந்தது மோங்கன் குடும்பத்தில், அதே சனத்தில். டெலஹன்ட் என்பது கொத்தனார் புருஷனின் பெயர். அவன் செத்து ஆறு வருஷமாகிறது. அவன் விட்டுப்போன நகர வீட்டின் கொல்லையில் ஒரு நாய் திரும்பிப் படுக்க இடமில்லை. குதிரையைத் தொட வேண்டுமென்றால் அவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு வழி கிடையாது. ஆகவே நாலு கோடை வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவது கோடையில், ஜூன் மாதம், ஹாலந்திலிருந்து யோஸ்ட், ஹென்னி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி வந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் கூலாக் கூட்டுரோட்டுக்கு முன்னால் பிஷப்பின் முன்னங்கால் லாடம் ஆட ஆரம்பித்தது. லாடம் அடிப்பவருக்குப் போன் போட்டால், நாளைக் காலைதான் வர முடியும் என்றார்.

"அப்ப இங்கயே தங்கறோமா?" என்று ஹென்னி ஆசையாகக் கேட்டாள்.

"வேற வழியில்ல. இந்தக் காலோட இன்னும் ரோட்டுல நடந்தா குளம்பு போயிடும்" என்றாள் வின்னி.

அங்கே சாலையோரம் அகலமான புல்தரை உண்டு. நாடோடிகள் வண்டி நிறுத்தக் கூடாதென்று மாவட்ட நிர்வாகமான கவுன்சில் வரிசையாகப் பாறாங்கற்கள் போட்டிருந்தது. இரண்டு கல்லுக்கு நடுவே ஒரே ஒரு இடைவெளியில் வண்டி நுழையும். வின்னி அதைத் தேடவில்லை, நேராக உள்ளே விட்டாள். கல் வருவதற்கு முந்தைய காலத்தில், இதே புல்லில் நின்ற வண்டிக்குள்தான் அவள் பிறந்தாள். மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்து கிளம்பச் சொன்னாராம். பச்சை உடம்போடு கிளம்பியதை அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

புல்லில் மூட்டிய நெருப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. யோஸ்ட் வண்டிக்குப் பின்னால் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். கவுன்சில் வேன் ஒன்று வந்து நின்றது.

"யாரு இங்க? ஒரு மணி நேரத்துல எடத்தக் காலி பண்ணணும்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் பேக்கி லேலர் என்ற கவுன்சில் ஊழியர்.

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் வின்னி கெட்டில் தண்ணீரை நெருப்பில் கவிழ்த்துவிட்டாள். சாம்பலைக் காலால் பரப்பினாள். கழுத்து வளையத்தைத் தலைகீழாகப் பிஷப்பின் தலையில் நுழைத்துத் திருப்பி, வாரை இழுத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. லாடம் ஞாபகத்துக்கு வரவில்லை.

"என்ன பிரச்சினை?" என்று யோஸ்ட் எழுந்து வந்தார்.

வெளிநாட்டுக் குரலைக் கேட்டதும் லேலர் வேனிலிருந்து இறங்கித் தொப்பியையே எடுத்துவிட்டார். "அடடா, டூரிஸ்ட்டா! மன்னிச்சுக்குங்க சார். எவனோ போன் பண்ணி வண்டி வந்திருக்குன்னான். நீங்க தாராளமா தங்குங்க. ஒரு வாரம்னாலும் இருங்க. நல்ல காத்து."

பிறகு வின்னி பக்கம் திரும்பினார். அவள் கையில் வார் அப்படியே இருந்தது.

"ஏம்மா, நொண்டற குதிரைக்கு வார் பூட்டறியே?"

வின்னி கீழே பார்த்தாள். பிஷப் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"முப்பது வருஷமா ஆளுங்களக் கிளப்பறேன்" என்று லேலர் சிரித்தார். "வீடு வாசல்னு இருக்கறவங்க எல்லாம் நின்னு சண்ட போடுவாங்க, சட்டம் பேசுவாங்க. சொன்ன ஒடனே கெட்டிலக் கவுக்கறது ஒரு சனந்தான். நீ யார் வீட்டுப் பொண்ணு?"

ஹென்னிக்கு ஒன்றும் புரியவில்லை. "இவங்க எங்க வின்னி" என்றாள்.

"பெர்கலுக்குத் தெரியுமா?" லேலர் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாத, நான் சொல்ல மாட்டேன். நீ ஒழுங்கா இருக்கற வரைக்கும் எனக்கென்ன?"

அவர் பெரிய மனசு பண்ணுவதாகத்தான் நினைத்தார். அதுதான் வின்னிக்குச் சுருக்கென்று தைத்தது. டூரிஸ்ட்டுக்கு ஒரு வாரம். அவளுக்கு, ஒழுங்காக இருக்கும் வரை. கழுத்து வளையத்தைக் கழற்றிப் புல்லில் வைத்தாள்.

"மோங்கன் வீட்டுப் பொண்ணு" என்றாள். "பொறந்தது நீங்க நிக்கிற எடத்துல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நெருப்புப் போடணும். பெர்கலுக்கு நானே சொல்லிக்கறேன்."

லேலர் எதிரிலேயே பெர்கலுக்குப் போன் போட்டு, தான் யார் வீட்டுப் பொண்ணு என்று சொன்னாள்.

"நாலு வருஷமா பொய் சொல்லியிருக்க" என்றார் பெர்கல்.

"பொய் சொல்லல. நீங்க கேக்கவே இல்ல. சேக்க மாட்டேன்னீங்க, நான் சும்மா இருந்தேன்."

"ஜனங்க என்ன சொல்வாங்க?"

"உங்க விளம்பரத்துல அசல் நாடோடி வண்டின்னு போட்டிருக்கே, அதப் படிச்சவங்களா? அசல் ஆளே கெடச்சுதுன்னு சந்தோஷப்படுவாங்க."

"சனிக்கிழம எட்டு வண்டி கெளம்புது. பூட்டத் தெரிஞ்சவன் வேற எவன் இருக்கான் எங்கிட்ட?" என்று முனகினார். "காலைல லாடம் அடிச்சதும் போன் பண்ணு."

அவர் மனம் மாறிவிட்டது என்று யாரும் எழுத வேண்டாம். எட்டு வண்டிக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் புல்தரையில் பாறாங்கற்கள் இன்றைக்கும் இருக்கின்றன. சனிக்கிழமை வின்னி சட்டையில் குத்தியிருந்த பெயர்ச்சீட்டில் டெலஹன்ட்டை அடித்து மோங்கன் என்று எழுதியிருந்தாள். பெர்கல் பார்த்தார். முதல் வண்டிக்குரிய வாரை அவளிடம் நீட்டினார்.

போன் பேசிய அன்று, லேலர் வேனைக் கிளப்பிப் போன பிறகு, வின்னி ஈரச் சாம்பலைத் தள்ளிவிட்டுக் காய்ந்த சுள்ளியாகப் பார்த்து அடுக்கினாள். நெருப்புப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாள் லாடம் அடிப்பவர் ஒன்பது மணிக்கே வேலையை முடித்துவிட்டார். "கிளம்பலாமா?" என்றார் யோஸ்ட்.

"இருங்க, டீ குடிச்சிட்டு" என்றாள் வின்னி. இன்னொரு கோப்பையும் ஊற்றிக்கொண்டாள்.