கில்ஃபாயில் என்றொரு பெயர்

புளியும் சாம்பலும் பித்தளையில் தேயும்போது கிளம்புகிற வாடைதான் தொண்ணூறுகளில் பீளமேட்டு மில் குடியிருப்பில் எங்கள் வீட்டுச் சனிக்கிழமை. 'ஆரோக்கியம் கில்ஃபாயில்' என்று பொறித்த பெயர்ப் பலகையை அப்பா துலக்குவார். "சோத்துக்கு ஆகாத பேருக்கு இத்தனை புளியா?" என்பாள் அம்மா. தெருவுக்கு நாங்கள் "கிலுபாயி ஊட்டுக்காரங்க".

நம் பக்கம் தகப்பன் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். பாட்டன் பெயர் அதற்குள் காணாமல் போயிருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஓர் அயர்லாந்துப் பெயர் வாலாக ஒட்டிக்கொண்டே வந்தது. சூலூர்ப் பக்கம் பண்ணையாளாக இருந்த என் கொள்ளுத்தாத்தா, போத்தனூர் ரயில்வேயில் இருந்த அயர்லாந்து இன்ஜினியரிடம் குதிரைக்காரராகச் சேர்ந்து, பிறகு வேதத்தில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றபோது, துரையே ஞானத்தகப்பனாக நின்று தன் குடும்பப் பெயரைக் கொடுத்தாராம். "இந்தப் பேரு இருந்தா எவனும் சாதி கேக்க மாட்டான்" என்று அப்பாவிடம் அவருடைய அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பலரும் கேட்கவில்லைதான். வெள்ளைக்கார வழி என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், அப்பாவும் மறுத்ததில்லை.

அக்காவைப் பெண் பார்க்கக் கோபியிலிருந்து வந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். எங்களைப் போலக் கத்தோலிக்கர்கள்தான், ஆனால் நிலம் வைத்திருந்தவர்கள். அக்காவுக்கு மாப்பிள்ளையை மிகவும் பிடித்திருந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது எந்த ஞாயிறு என்பது வரை பேச்சு போன பிறகு மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "ஏனுங்க, உங்க பாட்டன் வெள்ளைக்காரருங்களா?"

அப்பா தரையைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும்.

அக்காதான் சொன்னாள். "இல்லீங்க அத்தை. தொரை ஊட்டுக் குதிரைக்காரருங்க. அதுக்கு முன்னால பண்ணையத்துல ஆளா இருந்தாருங்க."

"அப்படீங்களா," என்றார் அவர். "ஊட்டுல கலந்துபோட்டுச் சொல்றோமுங்க."

யாரும் கோபப்படவில்லை. தகவலும் வரவில்லை. அக்கா அழாமல் மறுநாள் வேலைக்குப் போனாள். எனக்கு அன்று ஒன்றுமே தோன்றவில்லை; மரத்துப்போனது இன்றும் முழுதாக விடவில்லை. அந்த வாரம் அப்பா பலகையைக் கழற்றிவிட்டார்.

இப்போது அந்த மில்லும் இல்லை, அப்பாவும் இல்லை; அந்தப் பெயரை எழுதுகிறவர் எங்களில் யாரும் இல்லை. சமீபத்தில் அதை இணையத்தில் தேடினேன். ஐரிஷ் மொழியில் அதற்கு 'புனித பவுலின் ஊழியன் மகன்' என்று பொருளாம். துரையின் பெயரே ஓர் ஊழியக்காரன் பெயர்தான் என்று அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள் அவள்.

"அவுங்க ஊருல அதைச் சொன்னாப் பொண்ணு எடுப்பாங்களா, கண்ணு?" என்று கேட்டாள்.