ஒல்லாந்துச் செருப்பு ஜோடி

பழைய ஒல்லாந்துப் பீங்கான் செருப்புகள் என்றால் எனக்குப் பைத்தியம். வெள்ளைக்காரர்கள் சீமைக்குக் கப்பலேறும்போது வீட்டுச் சாமான்களை ஏலத்துக்கு விடுவார்கள். மற்றவர்கள் கட்டிலையும் கடிகாரத்தையும் சுற்றி நிற்க, நான் மூலையில் கிடக்கும் பெட்டிகளைக் கிளறுவேன். அலமாரியில் அழகுக்கு வைக்கிற செருப்பு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளமாக இருக்கும். கையால் நீலம் தீட்டியது. விளிம்பில் பூச்சு உதிர்ந்து மஞ்சள் மண் தெரிந்தால் பழசு. பளபளவென்று காற்றாலை வரைந்திருந்தால் நேற்றுச் செய்தது, தொடமாட்டேன். ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரர், "எல்லாரும் செருப்ப வாசல்ல விடுறாங்க, இவ அலமாரியில வச்சுப் பூட்டுறா" என்று நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

எல்லாமே ஒற்றைதான். ஜோடியாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. மரச்செருப்பு வடிவம், மூக்கு மேலே வளைந்திருக்கும், பக்கவாட்டில் பாய்மரக் கப்பலும் அலையும். அதை வாங்கி வந்த வாரமே, கிள்ளானிலிருந்து என் கணவரின் அண்ணன் மனைவி வந்தாள். எங்கள் வீட்டில் கண்ணில் பட்டதெல்லாம் தனக்கு என்று நினைப்பவள்.

"குட்டிப் படகு அழகா இருக்கே. ரெண்டு எதுக்கு உனக்கு?"

"அக்கா, அது படகு இல்ல..."

"எனக்குத் தெரியாதா? பெரிசா சொல்ல வந்துட்டா."

ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மிஞ்சிய ஒன்றை நான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு ஒரு கல்யாண வீட்டில், சொந்தக்காரப் பெண்கள் நடுவில், அதைத் திருப்பிக் கேட்டேன். "உன் வீட்டுப் பொருள் எனக்கெதுக்கு? அது எங்க அண்ணன் பினாங்குல இருந்து வாங்கியாந்தது" என்றாள், கண் இமைக்காமல். அத்தனை பேரும் என்னைப் பொய்க்காரியாகப் பார்த்தார்கள். அதே பெண்கள் முன்னால் அவள் கையாலேயே அது என்னிடம் வரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நவராத்திரி வந்தது. கிள்ளானில் அவள் வீட்டுக் கொலு பேர்போனது; அழகான பொருள் எதையும் அதில் வைக்காமல் விடமாட்டாள். மிச்சமிருந்த செருப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன். கீழ்ப்படியில் கண்ணாடியைப் படுக்க வைத்துத் தெப்பக்குளம் அமைத்திருந்தாள். நடுவில் தெப்பம். பூச்சரம் சுற்றிய என் செருப்புக்குள் முருகன், இரு பக்கமும் தேவிமார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கல்யாண வீட்டில் இருந்த அதே பெண்கள் வந்திருந்தார்கள்; அவர்கள் பாடி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவளுடைய ஒரு வயது மகள் தவழ்ந்து வந்தாள். மடியில் உட்காரவைத்து, மற்றச் செருப்பை எடுத்துப் பிஞ்சுக் காலில் மாட்டினேன். கச்சிதமாக இருந்தது. ஒருத்தி காலைப் பார்த்தாள், தெப்பத்தைப் பார்த்தாள்.

"அய்யோ, அக்கா, சாமிய செருப்புலயா ஏத்தி வச்சிருக்கீங்க?"

அண்ணன் வாங்கி வந்தது என்று இப்போது சொல்லட்டும், பார்க்கலாம் என்று நானும் அவள் முகத்தையே பார்த்தேன்.

"எனக்கென்ன தெரியும்? அது இவ வீட்டுது. இவதான் குடுத்தா" என்றாள்.

"நான் குடுக்கலக்கா. நீங்களா எடுத்துட்டுப் போனது."

சிலைகளை அவசரமாக இறக்கி மஞ்சள் தண்ணீரில் போட்டாள். செருப்பை என் கையில் திணித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சி அழ ஆரம்பித்தாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்வேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஜோடியைச் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, கொடுத்த சுண்டலை நிதானமாகத் தின்றேன். உப்பு குறைவு. அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.