வேம்புலிக்குக் கிடைத்த ஆறாவது இடம்

என் கணவர் வேம்புலி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், சிறுவயதிலிருந்தே ஏரிக்கரையில் தூண்டில் போட்டவர். பேச்சுக் கேட்டால் ஏரி மீன் ஓடிவிடும் என்று, மீன் கடித்ததும் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

ஆவடி குவார்ட்டர்ஸ் பால்ராஜ் அண்ணனும் அவர் நண்பர்களுமாக ஆறு பேர், மாதம் ஒரு ஞாயிறு காசிமேட்டில் நாகப்பனின் பைபர் படகை வாடகைக்கு எடுத்துக் கடலில் தூண்டில் போடப் போவார்கள். அந்தப் படகில் ஏறவேண்டும் என்பது இவருக்கு ஏழு வருட ஆசை. தொண்ணூற்று மூன்றில் ஒருவர் மாற்றலாகிப் போக, ஓர் இடம் காலியானது.

"ஒரு தபா வா மச்சான், பாக்கலாம். மீனு புட்ச்சாதான் எடம்," என்றார் பால்ராஜ் அண்ணன்.

அந்த வாரமெல்லாம் சோற்றைப் பிசையும்போதே இவர் கை நின்றுவிடும். கண் எங்கேயோ மிதக்கும்.

ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்து எல்லாவற்றையும் மெல்லச் சொன்னார். கரை மறைந்ததும் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லையாம். இவர் போட்ட தூண்டில் நரம்பு நீண்டு நீண்டு வெளிச்சத்தில் கரைந்துபோனதாம்.

ஆனால் கடலில் வழக்கம் வேறு. படகு ஓடிக்கொண்டே இருக்கும்; மீன் மாட்டியவர் கத்தவேண்டும். அப்போதுதான் பின்னால் இருக்கும் நாகப்பன் எஞ்சினை நிறுத்துவார். இவர் தூண்டில் வளைந்தது. ஏரிப் பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டார். படகு நிற்கவில்லை. சுருளில் இருந்த நரம்பெல்லாம் ஓடி, அறுந்தது.

"வாயில இன்னா, கொழுக்கட்டையா கீது?" என்றார் நாகப்பன்.

"இன்னொண்ணு உட்டினா நீ ஏரிக்கே போய்க்கோ மாமே," என்றார் பால்ராஜ் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

கரைக்குத் திரும்பும்போது மறுபடி வளைந்தது. வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. தூண்டிலை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, ஐஸ் பெட்டிமேல் முட்டிபோட்டு ஏறிப் போய், நாகப்பன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

எஞ்சின் நின்றது. அலைகூட அசையாதது போலிருந்த அந்த அமைதியில், அடியிலிருந்து ஒரு வஞ்சிரம் கனவில் வருவதுபோல் வெள்ளியாக மேலே வந்தது.

நாகப்பன் முதுகைத் தடவிக்கொண்டு பால்ராஜ் அண்ணனைப் பார்த்தார். அவர் தலையாட்டினார்.

"அண்ணாத்தே, அடுத்த மாசம் எம் பக்கத்துல குந்திக்கோ," என்றார் நாகப்பன். "ஆனா மெதுவா தட்டு."