சைலன்சர் வெட்டிய மோட்டார் சைக்கிள்

கடல் ஊருக்குள் வந்து போனபின், அண்ணனின் மோட்டார் சைக்கிளை வாவிக்கரைச் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றைக்குள் கண்டெடுத்தோம். எங்கள் வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும்தான் மிஞ்சியிருந்தன. வாசலில் நின்ற வண்டியை அலை தூக்கிக்கொண்டு எங்கள் ஊரான கல்லடியின் குறுக்கே போய், வாவியோரச் சேற்றில் தலைகீழாகச் செருகியிருந்தது. அதே பற்றைக்குள், கொஞ்சம் தள்ளித்தான் அண்ணனின் மனைவி, என் மச்சாளும் உயிரில்லாமல் கிடந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் பாலத்துக்கு அப்பால், பட்டினத்துச் சந்தையில் நின்றதால் தப்பினேன். அண்ணனும் மச்சாளும் வீட்டில் இருந்தார்கள். தண்ணீரைக் கண்டதும் மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஓடியிருக்கிறார். அடுத்த அலையில் கை நழுவிவிட்டது. அவர் ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மச்சாள் ஒரு கூரை மரத்தைப் பிடித்தபடி இழுபட்டுப் போனார். கட்டிய நாளிலிருந்து அண்ணனைப் பெயர் சொல்லி அழைக்காதவர், அன்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். கூப்பிட்டபடியே தூரப் போய், பிறகு குரல் நின்றுவிட்டது. இதை அண்ணன் ஒரேயொரு முறைதான் என்னிடம் சொன்னார்.

கரையில் மீன் எடுத்து, வண்டியில் பெட்டி கட்டி, வாவிக்கு அப்பால் படுவான்கரை ஊர்களில் விற்பது அவருடைய தொழில். அலைக்குப் பிறகு மாதக்கணக்கில் யாரும் மீன் வாங்கவில்லை. பிணம் தின்ற மீன் என்று முகத்தைத் திருப்பினார்கள். எங்களுக்குக் கிடைத்த தகரக் கொட்டிலின் முன்னால் அவர் வண்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பொழுதெல்லாம் குந்தியிருந்தார். எஞ்சினை டீசலில் கழுவினார். சைலன்சருக்குள் கடல் மணல் இறுகிப்போயிருந்தது. வேறொன்று தேடிப் போடச் சொன்னார் பட்டினத்துக் கராஜ்காரர். அண்ணன் கேட்கவில்லை. இரும்பு அறுக்கும் வாளால் அதன் வாலை அறுத்தார். உள்ளே இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தியலால் அடித்தார். சத்தத்தை அடக்கும் தட்டுகள் உள்ளே ஒவ்வொன்றாக உடைந்து, துரும்பாக வெளியே கொட்டின. கை கிழிந்து இரத்தம் வடிந்தது. அதைத் துடைக்காமலே அடித்துக்கொண்டிருந்தார். அவர் இரும்பை அடிக்கிற மாதிரி எனக்குப் படவில்லை. யாரையோ அடித்துக் கொல்வது போலிருந்தது.

முதல் உதையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பிறகு ஆனபோது, கொட்டில் வரிசை முழுவதும் அதிர்ந்தது. பிள்ளைகள் வீரிட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் ஓடினார்கள். கடல் திரும்பவும் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் விழுந்து முழங்கை உடைந்தது. அவளுடைய புருசன் வந்து அண்ணனின் கன்னத்தில் அறைந்தான். அண்ணன் திருப்பி அடித்தார். இரண்டு பேரும் மணலில் புரண்டதைப் பக்கத்துக் கொட்டில் மாமிதான் விலக்கினார். மாமிக்கு ஒரே மகன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். கணவரையும் மகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அந்த மகனைப் பார்த்துத்தான் அவர் உயிரோடு இருந்தார்.

அன்று பின்னேரம் நான் அண்ணனிடம் சொன்னேன்.

“அண்ணே, இந்தச் சத்தம் வேணா. சனம் பயப்பிடுது, பாருங்க.”

“எனக்கு வேணும்,” என்றார். “இத ஓட்டக்குள்ள வேற ஒண்டும் காதில விழுகுதில்ல.”



சனத்துக்கு மெல்ல மெல்ல அது பழகியது. மீன் விற்றுத் திரும்பும் வண்டி பாலத்தின் இரும்புத் தகடுகளில் ஏறும்போதே, நான் உலையில் அரிசி போட்டுவிடுவேன். ஆனால் அடங்கியிருந்த யுத்தம் மீண்டும் மூண்டது. பாலத்தடிச் சென்றியில், அந்த இராணுவக் காவலரணில், மண்மூட்டைகள் உயர்ந்தன. ஒரு காலை நான் பின்னால் இருந்து போகும்போது, சென்றிக்கு முன்னால் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். சைலன்சர்க் குழாய் துவக்கு வெடிப்பது போல் ‘பட் பட்’ என்றது. அந்த வண்டிக்கு அது வழக்கம்தான். ஒரு ஆமிக்காரன் மூட்டைகளுக்குப் பின்னால் பாய்ந்து விழுந்தான். இன்னொருவன் எங்களை நோக்கித் துவக்கை நீட்டினான். சுட்டுவிடுவான் என்றே நினைத்தேன்.

சுடவில்லை. அண்ணனை இழுத்து விழுத்தி, துவக்குப் பிடியால் முதுகிலும் தோளிலும் இடித்தார்கள். விழுந்து படுத்தவன்தான் வெட்கத்தில் கூடுதலாக அடித்தான். கடைசியில் அண்ணனின் கையை இழுத்து, கொதித்துக்கொண்டிருந்த குழாயில் வைத்துச் சப்பாத்துக் காலால் அழுத்தினான். “சத்தம் வேணுமா? சத்தம் வேணுமா?” என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டுக்கொண்டே அழுத்தினான். தோல் கருகிய மணம் வந்தது. வரிசையில் நின்ற சனமெல்லாம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் கத்தவில்லை. கத்தினால் இன்னும் அடிப்பார்கள் என்ற பயம்.

அதன்பிறகும் அண்ணன் சைலன்சரை மாற்றவில்லை. சென்றிக்கு இரு பக்கமும் எஞ்சினை நிறுத்தி, தள்ளிக்கொண்டு போனார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஆயுதத்தோடு திரிந்த பெடியன்கள் யாருடைய ஆட்கள் என்று எங்களுக்கே விளங்காது. முன்பு ஒன்றாக இருந்தவர்கள் பிரிந்து, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவர்களில் மூன்று பேர் கொட்டிலுக்கு வந்து வண்டியைக் கேட்டார்கள். அண்ணன் வண்டியின் திறப்பைக் கொடுக்க மறுத்தார். மூத்தவன் பிஸ்டலின் பிடியால் அவருடைய வாயில் அடித்தான். முன்பற்கள் உடைந்து இரத்தத்தோடு விழுந்தன. திறப்பை எடுத்து ஓட்டிக்கொண்டு போனவன், காதோரம் தழும்புள்ள ஒரு மெலிந்த பெடியன். அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

பிறகு அந்தச் சத்தம் அண்ணன் இல்லாமலே ஊருக்குள் வரத் தொடங்கியது. அது வந்து போனால் ஒரு வீட்டில் ஒருவர் குறைந்திருப்பார். வண்டி பறிபோனது எங்களுக்கும் பக்கத்துக் கொட்டில்களுக்கும் தெரியும். தள்ளி இருந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் சிலரும், அண்ணன் தானாகத்தான் கொடுத்திருப்பார் என்று பேசினார்கள். மீன்கார அண்ணன் அவர்களோடு சேர்ந்துவிட்டார் என்ற கதை கடற்கரை முழுக்கப் பரவியது.

மாமியின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பொழுதுபடும் நேரம், மாமி கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணன் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் நின்றேன். வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது, உடனே திரும்பிப் போகும் சத்தமும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கொட்டில் வாசலில் அவனுடைய ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

மறுநாள் காலை மாமி வந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய தம்பிமாரும் இன்னும் பலரும் வந்தார்கள். மாமியின் கையில் துடுப்பு இருந்தது. அண்ணன் எழுந்து, “மாமி” என்று தொடங்கினார். அவர் முடிக்குமுன் துடுப்பு அவருடைய தலையில் இறங்கியது. அவர் விழுந்ததும் மற்றவர்கள் பாய்ந்தார்கள். காலால் உதைத்தார்கள், கிடைத்த கட்டையால் அடித்தார்கள். நான் அவர்மேல் குப்புற விழுந்து மூடினேன். என் கையிலும் அடி விழுந்து விரல் முறிந்தது. அண்ணன் கையை உயர்த்தி ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவர் சாகத் தயாராகிவிட்டார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தபோது, வண்டி மறுபடியும் எங்கள் வரிசைக்கு வந்திருக்கிறது. பட்டப்பகல். அண்ணனை அடித்தவர்களில் ஒருவரின் மருமகனைத் தேடி வந்திருக்கிறார்கள். வண்டி வீதி வளைவில் திரும்பும்போதே அவன் சத்தத்தைக் கேட்டு, வாவிக்குள் இறங்கி, கண்ணா வேர்களுக்கிடையில் மூக்கு மட்டும் வெளியே தெரிய நின்று தப்பிவிட்டான். அன்றைக்குத்தான் சனத்துக்கு உறைத்தது. அண்ணன் கட்டிலில் கிடக்கும்போது அந்த வண்டியை ஓட்டுவது யார்?

மாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டிலின் காலடியில் நெடுநேரம் நின்றுவிட்டு, அண்ணனின் பாதத்தைத் தொட்டார்.

“மனே, உன்ர வண்டியிலதான் அவன ஏத்திப் போனாங்க. எங்க கொண்டு போனாங்க எண்டு நீதான் கேட்டுச் சொல்லணும்.”

தலையில் கட்டோடு அண்ணன் வண்டியைப் பறித்தவர்களுடைய முகாமுக்குப் போனார். வண்டி வேண்டாம், பெடியனை விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வெயிலில் முழங்காலில் இருத்தி, வாய்க்குள் பிஸ்டலை வைத்து, இன்னொரு முறை வந்தால் திரும்பிப் போகமாட்டாய் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் இன்னொரு முறையும் போனார். அந்தத் தடவை விலா எலும்புகளை உடைத்து வீதியோரம் போட்டுவிட்டுப் போனார்கள்.

மாமியின் மகனும் வண்டியும் திரும்பி வராமலே வடக்கில் யுத்தம் முடிந்தது. எங்கள் பக்கம் துவக்குகள் மறைந்தன. துவக்குப் பிடித்தவர்கள் சிலர் அரசியலுக்கு வந்து வெள்ளைச் சட்டை போட்டார்கள், சிலர் வெளிநாடு போனார்கள், சிலர் எங்களைப் போலவே கூலி வேலைக்குப் போனார்கள். அந்த வருடம் அமிர்தகழித் திருவிழாவுக்கு அண்ணனும் நானும் போனோம். கோயில் வீதியில் வறுத்த நிலக்கடலை விற்கும் கச்சான் கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடைக்கு முன்னால் அண்ணன் நின்றுவிட்டார். தாச்சியில் மணலைப் போட்டுக் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தவனின் காதோரம் தழும்பு இருந்தது.

அண்ணன் கடைக்குள் புகுந்தார். அவனுடைய பிடரியைப் பிடித்து, கொதிக்கும் மணலை நோக்கி முகத்தை அழுத்தினார். அவனுடைய மூக்குக்கும் மணலுக்கும் இடையில் ஒரு கை இடைவெளிதான் இருந்தது. நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமியின் மகன் எங்கே என்று மட்டும் அண்ணன் கேட்டார்.

“நான் ஓட்டினது மட்டுந்தான்,” என்றான் அவன். “வாவிக்கு அங்கால ஒரு தோட்டத்தில இறக்கி விட்டம். அதுக்கு மறுகா எனக்குத் தெரியா. ரோட்டு முழுக்கக் கிடங்கும் குழியும். விழுந்திருவன் எண்டு பயந்து, அவர் என்ர இடுப்பப் புடிச்சிக்குத்தான் வந்தவர்.”

அண்ணனின் பிடி இன்னும் இறுகியது. அவன் மூச்சுத் திணறியபடி இன்னொன்றும் சொன்னான். “சைலன்சர மாத்தச் சொல்லி மூத்தவர் அடிச்சவர். நான் மாத்தயில்ல. சத்தம் கேட்டா ஓடுறவன் ஓடட்டும் எண்டு உட்டுட்டன்.”

அது உண்மையா, உயிருக்குப் பயந்து சொன்ன பொய்யா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணன் அவனுடைய முகத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டார். மூக்கிலிருந்து இரத்தம் கச்சான் குவியலில் சொட்டியது. பிறகு கையை எடுத்துவிட்டார். அவன் எழுந்து ஓடவில்லை. சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அண்ணன் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனதையும் சொன்னார். மாமி அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். மறுநாள் நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போனோம். கடை இருந்த இடத்தில் கச்சான் கோதும் கரியும்தான் கிடந்தன. பக்கத்துக் கடைக்காரருக்கு அவனுடைய ஊர் தெரியவில்லை.

அன்றிலிருந்து, காணாமல் போனவர்களைப் பற்றி எங்கே விசாரணை நடந்தாலும் மாமியும் அண்ணனும் சேர்ந்துதான் போகிறார்கள். அந்தத் தோட்டத்தையும் போய்ப் பார்த்தார்கள். அங்கே மரவள்ளி நட்டிருந்தார்கள். விசாரிப்பவர்கள் அண்ணனிடம் நீங்கள் பெடியனுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். மாமிதான் முந்திக்கொண்டு, “இவன் என்ர மூத்த மகன்” என்பார்.