பின்கண்ணாடியில் என் பெயர்

மதியம் ஆபீஸ் கேன்டீனில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் என் கார் சித்தேரி மலையிலிருந்து இறங்கும். நான் இருப்பது ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில். கார் இருப்பது தருமபுரி மாவட்டத்தில். போனில் ஒரு நீலப்புள்ளி வளைந்து வளைந்து பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வருவதைப் பார்த்தபடியே சாப்பிடுவேன். பக்கத்தில் உட்காரும் மார்ட்டின், ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஒருநாள், "ஜெயிக்கிறாயா?" என்று கேட்டான். "இன்னும் தெரியவில்லை" என்றேன்.

அந்தக் காரை அப்பாவுக்காக வாங்கினேன். அறுபது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவர். பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தைக்கு அதில்தான் போவார். இரண்டாவது கியருக்கு மேல் போடமாட்டார். டவுன் பஸ் முந்திப் போனாலும் கவலைப்படமாட்டார். திரும்பும்போது பின்சீட்டில் ஒரு கட்டு கீரையும், வழியில் கைகாட்டிய நாலு பேரும் இருப்பார்கள். வாங்கிய வாரமே தருமபுரிக்குப் போய்ப் பின்கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் 'செந்தில்குமார், ஜெர்மனி' என்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். போட்டோவில் பார்த்து வெட்கப்பட்டுப் போனேன். "வண்டின்னா யாரு வண்டின்னு தெரிய வேண்டாமாடா?" என்றார். இன்று அந்தக் குரலைக் கேட்க எதையும் கொடுப்பேன்.

அப்பா போனபின் கார் தார்ப்பாய்க்குள் முடங்கியது. பேட்டரி செத்தது, எலி ஒயரைக் கடித்தது. வீட்டில் இருப்பது தங்கை கவிதாவும் மாப்பிள்ளையும். வீட்டையும் நிலத்தையும் நானே கவிதா பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். "சும்மா நிக்குது மச்சான், வித்துடலாங்க" என்றார் மாப்பிள்ளை. நியாயம்தான். ஆனால் ஊரில் என்னுடையது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் விற்றுவிட்டால் ஊருக்கு எந்த உரிமையில் போய் இறங்குவது?

அதனால் சொந்தக் காரை வாடகைக்கு விடும் செயலி ஒன்றில் அதைச் சேர்த்தேன். முதலில் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் கோஷ்டிகள். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்போடு சீட்டில் சாய்ந்து, மீன் வறுவல் வாசனையையும் விட்டுவிட்டுப் போனார்கள். இது தேறாது, மாதக்கணக்கில் எடுப்பவர் ஒருவர் வேண்டும் என்று முடிவு செய்தேன். மாத வாடகையைக் குறைத்தேன். டயர் மாற்றி, சீட் உறை மாற்றி, வெயில் நேரத்தில் பளிச்சென்று படம் எடுக்கச் சொன்னேன். ஆட்கள் வந்தார்கள். காரைச் சுற்றி வந்து, "சொல்லி அனுப்பறோங்க" என்று போனவர்கள் போனவர்கள்தான். கடைசியில் கவிதாதான் கண்டுபிடித்தாள்.

"அண்ணா, எல்லாரும் பின்னாடி கண்ணாடியத்தான் பாக்கறாங்க. ஒரு நாளுன்னா யாரும் கண்டுக்கமாட்டாங்க. மாசக்கணக்குல அடுத்தவன் பேரைத் தூக்கிட்டு எப்படிச் சுத்தறதுன்னு கேக்கறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. நான் இங்கே பக்கத்து வீட்டு பிரிகிட்டே அம்மாவின் காரை இதேபோல் மாத வாடகைக்குத்தான் எடுத்திருந்தேன். அவருடைய பேக்கரியின் பெயர் அதன் முதுகு முழுக்க இருக்கும். உங்கள் பெயர் போட்ட வண்டியில் நான் போவதை ஊரார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று முதல்நாள் கேட்டேன். அவர் காப்பீட்டைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, "கவலை வேண்டாம், யாரும் ஒன்றும் கேட்கமுடியாது" என்றார். உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை. இங்கே நான் எந்தப் பெயரைச் சுமந்து போனாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. அது ஒரு நிம்மதி. சில நாட்களில் பெரிய வருத்தம்.

பெயரைச் சுரண்டாவிட்டால் காரை விற்கவேண்டும். "எடுத்துடும்மா" என்றேன். மாப்பிள்ளை வெந்நீரும் பிளேடுமாக நின்று சுரண்டுவதைக் கவிதா வீடியோவில் காட்டினாள். 'ஜெர்மனி' சுலபமாக உரிந்து வந்தது. என் பெயர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. போனை வைத்துவிட்டு அழுதேன்.

அந்த மாதமே ஆள் கிடைத்தது. சித்தேரிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சர். மலைக்குப் பஸ் குறைவு, கூடவே சின்ன மகள். பேச்சுவார்த்தையெல்லாம் கவிதாவோடுதான், என் முகம் அவருக்குத் தெரியாது.

போன விடுமுறையில் காலை நேரம் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, மாப்பிள்ளைக்காகப் பெட்டியோடு நின்றிருந்தேன். என் கார் வந்து பக்கத்தில் நின்றது. பின்கண்ணாடியில் 'ஜெனிஃபர்' என்று ரோஸ் எழுத்தில் டீச்சரின் மகள் பெயர்.

"எங்கீங்க போகணும்? மலைப் பக்கம்னா ஏறிக்குங்க" என்றார் டீச்சர்.

மாப்பிள்ளைக்கு வரவேண்டாம் என்று மெசேஜ் போட்டுவிட்டு, பின்சீட்டில் ஏறிக்கொண்டு ஊர்ப்பெயரைச் சொன்னேன். கடைசித் தெரு, பச்சைக் கேட் போட்ட வீடு என்றேன்.

"அட, அது நம்ம கார் ஓனர் வூடுங்க! நீங்க சொந்தக்காரங்களா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் கூச்சப்பட்டு மறுநாளே அந்த ரோஸ் எழுத்தையும் சுரண்டிவிட்டு, சாவியைக் கவிதா கையில் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஆமாங்க."

"அவரு ஜெர்மனில இருக்காராமே. இந்தப் பக்கம் வர்றதே இல்லீங்களா?"

முன்சீட்டிலிருந்து அந்தக் குழந்தை திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க டீச்சர்," என்றேன். "அவரு அங்கதான் இருக்காரு."