பெரட்டில் நீண்ட கை

1931 பிப்ரவரி 5: வரவு 5 காசு.
பிப்ரவரி 11: வரவு 5 காசு.
பிப்ரவரி 19: வரவு 5 காசு.
மார்ச் 6: வரவு 5 காசு. அதே நாள், வெட்டு 20 காசு.

தோட்டத்துக் கணக்கில் வரவெல்லாம் அய்யாவுக்கு. வெட்டு அவன் பெண்சாதி பவுனம்மாளுக்கு. கிள்ளான் பட்டணத்துக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருவரும் பால் வெட்டினார்கள். ரப்பர் விலை விழுந்திருந்த காலம். அவளுடைய நாள் கூலி இருபத்தெட்டுக் காசு.

பாலில் தண்ணீர் கலப்பதை ஒழிக்கப் புதிய சின்னத்துரை ஒரு வழி கொண்டுவந்தார். காட்டிக்கொடுப்பவனுக்குக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டிலேயே ஐந்து காசு. அகப்பட்டவருக்கு மாதச் சம்பளத்தில் இருபது காசு வெட்டு. சீமையில் பூனையைப் பெட்டியில் அடைத்து, தாழ்ப்பாளைத் தள்ளினால் உடனே மீன் கொடுத்துப் பழக்கினார்களாம்; துரை அதைப் படித்திருந்தார்.

"உடனை குடுத்தால்தான் பழகுமெண்டு துரை சொல்லுறார்," என்று முகம் சுளித்தார் கணக்கெழுதும் கிராணி சிவசம்பு.

அய்யாவு முதலில் பக்கத்து நிரைக்காரர்களைக் காட்டிக்கொடுத்தான். காசு கையில் விழுந்த அன்றெல்லாம் மாலையில் கள்ளுக்கடை. சில நாளில், பெரட்டு மணி கேட்டாலே உதட்டை நக்கத் தொடங்கினான். அதைப் பார்த்துப் பவுனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் ஐந்தாம் தேதி திடீர் மழை. மழைத்தண்ணீர் இறங்கிய பாலைக் கொட்டிவிட வேண்டும். கொட்டினால் அரைநாள் கூலிதான். அவள் கொட்டாமல் வாளியில் ஊற்றினாள். அய்யாவு பார்த்தான். மறுநாள் பெரட்டில் அவள் பேரைச் சொன்னான்.

கங்காணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏன்டா மடையா, ஒன் வீட்டுக்குத்தானேடா பதினஞ்சு காசு நட்டம்?"

"அது மாசக் கடைசியிலதானே, கங்காணி," என்ற அய்யாவு, நீட்டிய கையை மடக்கவில்லை.

வரிசை முழுதும் சிரித்தது. அன்று மாலை கள் வாடையோடு வந்து, "கோவமா புள்ள?" என்று அவள் தோளைத் தொட்டான்.

"கைய எடு. லயத்து நாய்கூட சோறு போட்டவளக் கடிக்காது. த்தூ!"

விடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டிலிருந்த அக்காள் இராஜம்மாவிடம் போய்விட்டாள். ரயில் பெட்டி கழுவும் வேலை கிடைத்தது. அய்யாவு கிராணியைக் கொண்டு இரண்டு கடிதம் எழுதினான். சோறு பொங்க ஆளில்லை என்பதே இரண்டிலும்.

"இனி யாரையும் காட்டிக்குடுக்க மாட்டேன்னு ஒரு வரி எழுதட்டும்க்கா. போயிடறேன்," என்றாள் பவுனம்மாள்.

அக்காள் அதைச் சொல்லியனுப்பினாள். மூன்றாவது கடிதத்தில் அந்த வரி இருந்தது. அக்காள் புருஷன் வாசித்தார்: "இப்போது நான் யாரையும் காட்டிக்கொடுக்கிறதில்லை. துரை ஐந்து காசை நிறுத்திவிட்டார்."

பவுனம்மாள் சாக்கடையில் காறித் துப்பிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அதன்பின் அவனும் எழுதவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 1931 ஆகஸ்ட் 17.